தன் கன்றை மட்டும் வளர்க்கும் நிழல்



இடம்பெயர்ந்து திரிந்த காலம் முடிந்து, கண்ணிவெடி அகற்றியாயிற்று என்று சொல்லப்பட்ட பின்னர், 2010 ஆம் ஆண்டிலே என் வளவுக்கு நான் மீண்டு வந்தபோது, கிளுவைக் கதியால்கள் வரிசையாய் நின்ற பழைய எல்லை எதுவென்று கண்டுகொள்ள முடியாதபடி இப்பில் இப்பில் மரங்கள் அடர்ந்து நின்றன. கிணற்றைக்கூட, அதன் ஓரத்தில் மிஞ்சியிருந்த துலாக்கால் ஒன்றை அடையாளமாகக் கொண்டே தேடிப்பிடிக்க வேண்டியதாயிற்று. பாம்புக்கு அஞ்சித் தடியொன்றைக் கையிலெடுத்துக்கொண்டு அப்பற்றைக்குள் நுழைந்த எனக்கு அங்கே கண்ட காட்சி ஆச்சரியமாயிருந்தது. வெளியே நாயுண்ணியும் புல்லும் இடுப்பளவுக்கு மண்டிக் கிடக்க, அம்மரங்களின் அடியிலோ நிலம் யாரோ பெருக்கிவிட்டாற்போலக் கிடந்தது. முற்றிலும் வெறுமை என்று சொல்வதற்கில்லை. உதிர்ந்த சிற்றிலைகளும் வெடித்த நெற்றுகளும் பரவிக் கிடந்த அந்நிலத்தில் நூற்றுக்கணக்கான இளங்கன்றுகள் தலைநீட்டிக்கொண்டிருந்தன. குனிந்து ஒவ்வொன்றாய்ப் பார்த்தேன், அத்தனையும் அந்த மரத்தின் கன்றுகளே.

அவ்வாண்டு மாரியில் அந்த இடத்திலே பயறு தூவினேன். நாலைந்து முதிரைக் கன்றுகளும் வைத்தேன். பயறு முளைத்தது, முளைத்து இரண்டு இலை விட்டது, பின்னர் மஞ்சளித்து நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது. "நிழலுக்கை எது வரும் மாஸ்ரர்?" என்று அயலிலுள்ள கமக்காரர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆயினும் நிழல்தான் காரணமென்றால் அந்த மரத்தின் கன்றுகளுக்கு மாத்திரம் அந்நிழல் எப்படி ஒத்துக்கொண்டது என்னும் சந்தேகம் என் மனத்தை விட்டு நீங்கவில்லை. அந்தச் சந்தேகத்தின் வழியே நான் வாசித்தும் யோசித்தும் அறிந்தவற்றையே இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

ஒரு விருட்சம் தன் அடியில் முளைப்பவற்றுக்குச் செய்யக்கூடிய இடையூறுகளில் மூன்று எல்லோருக்கும் தெரிந்தவை: வெளிச்சத்தை மறைத்தல், நீரை உறிஞ்சுதல், மண்ணின் சத்தைப் பங்கு கேட்டல். நான்காவது ஒன்று உண்டு. அது கண்ணுக்குத் தெரியாதது. இலையிலும் வேரிலும் விதையிலும் தாவரம் ஆக்கி வைத்திருக்கும் சில இரசாயனப் பொருள்கள், மழையால் கழுவுண்டோ, சருகு உக்கும்போது கசிந்தோ, உயிருள்ள வேரிலிருந்து ஊறியோ, ஆவியாய்ப் பரவியோ மண்ணைச் சேர்ந்து, அயலில் முளைக்கும் விதையின் முளைவேரைக் குன்றச் செய்வதே அது. ஆஸ்திரியா தேசத்துத் தாவர சாஸ்திரியாகிய ஹான்ஸ் மோலிஷ் என்பவர் 1937 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றில் இதற்கு அல்லெலோபதி என்று பெயர் சூட்டினார். ஒன்றையொன்று என்னும் பொருளுள்ள கிரேக்கச் சொல்லும், படுதல் அல்லது துன்பம் என்னும் பொருளுள்ள கிரேக்கச் சொல்லும் சேர்ந்த தொடர் அது. மோலிஷ் ஆராய்ந்தது காட்டு மரங்களை அன்று, பழுத்த அப்பிள் பழங்களை. அவை விடும் வாயு அருகிலுள்ள முளைகளையும் காய்களையும் எவ்வாறு பாதிக்கிறது என்பதையே அவர் பெரிதும் பார்த்தார். வாழைக்குலையைக் குழியில் இறக்கிப் புகையூட்டிப் பழுக்கவைத்த நம் பாட்டன்மார் அந்த வாயுவின் பெயரை அறியாமலே அதன் காரியத்தை அறிந்திருந்தார்கள். அச்சொல்லால் மோலிஷ் கெடுதியை மட்டும் குறிக்கவில்லை, நன்மையையும் குறித்தார் என்பதை நினைவில் வையுங்கள். பின்னால் அது தேவைப்படும்.

பெயர் புதிது, விஷயம் பழையது. வால்நட் மரத்தின் நிழல் அயற்பயிர்களுக்கு ஆகாது என்று பிளினி என்னும் ரோமாபுரி ஆசிரியர் ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே எழுதிவைத்தார். அம்மரத்திலுள்ள யுக்லோன் என்னும் பொருளே அதற்கு முக்கிய காரணமென்று பிற்காலத்தார் கண்டனர். நம் ஊர்களிலும் புளியமரத்தின் கீழ் எதுவும் நன்றாய் வளராது என்பார்கள். அதன் கீழ் இரவில் படுக்கக்கூடாது என்பதற்குப் பேய்க்கதையும் உண்டு. யப்பானிய ஆராய்ச்சியாளர்கள் புளியிலையைச் சோதித்துப் பிற விதைகளின் வளர்ச்சியை அது தடுப்பதைக் கண்டிருக்கிறார்கள். பேயைப் பற்றி அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை.

இனி இப்பில் இப்பிலுக்கு வருவோம். அதன் பெயர் பிலிப்பைன்சுப் பெயர்; பிறந்த நாடு மெக்சிக்கோ. ஸ்பானியர் தம் கப்பல்களில் அதைப் பசுபிக் கடல் தாண்டிக் கொண்டுபோனார்கள். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதற்கு வந்த புகழ் கொஞ்சமன்று: 1977 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தேசிய விஞ்ஞானக் கழகம் அதைப் பற்றித் தனி நூலே வெளியிட்டு, வெப்ப நாடுகளுக்கு வரப்பிரசாதம் போன்ற தீவனமரம் என்று எடுத்துக்காட்டியது. விறகு தரும், ஆட்டுக்குக் குழை தரும், வேரிலே நைதரசனைச் சேர்த்து மண்ணை வளப்படுத்தும், வெட்ட வெட்டத் துளிர்க்கும் என்ற அத்தனையும் உண்மையே. அன்று அதை நட்டவர்களைக் குறைகூற எனக்கு மனமில்லை. அந்த நூலை அக்காலத்தில் வாசித்திருந்தால் நானும் நட்டிருப்பேன். ஆனால், வெட்ட வெட்டத் துளிர்ப்பது என்னும் அதே குணத்தை ஆள் இல்லாத வளவில் வைத்துப் பாருங்கள். உலகத்தின் மிகக் கொடிய ஊடுருவு உயிரினங்கள் நூறு என்று இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தார் தொகுத்த பட்டியலிலே இன்று அதன் பெயர் இருக்கிறது.

அதன் அடியில் நிகழ்வதைச் செவ்வையாய் ஆராய்ந்தவர்கள் தைவான் நாட்டுச் சௌ, குவோ என்னும் இருவர். அவர்களுடைய கட்டுரை 1986 ஆம் ஆண்டில் வெளிவந்தது. தைவானின் தெற்கே கௌஷு என்னுமிடத்து இப்பில் இப்பில் தோட்டங்களில், சில ஆண்டுகள் கழிந்தபின் மரங்களின் கீழ் களை எதுவும் முளையாதிருப்பதைக் கண்ட அவர்கள், முதலில் வெளிச்சம், ஈரம், மண்ணின் புளிப்பு, சத்து என்பவற்றை அளந்து பார்த்து, அவை முக்கிய காரணமல்ல என்று தீர்மானித்துக்கொண்ட பிறகே இரசாயனத்துக்குப் போனார்கள். அந்த ஒழுங்குமுறைதான் என்னை முதலில் கவர்ந்தது. இலையிலும் சருகிலும் மண்ணிலும் இருந்து வடித்த நீரை நெல், சலாது முதலிய பல விதைகளுக்கு ஊற்றினார்கள், அவை குன்றின. இப்பில் இப்பில் கன்றுகளுக்கு ஊற்றினார்கள். அவற்றுக்கு ஒன்றும் நேரவில்லை. அந்நீரைப் பகுத்துப் பத்து நச்சுப் பொருள்களைப் பெயர்சொல்லி அடையாளம் கண்டார்கள். அவற்றுள் தலையாயது மிமோசின் என்னும் அமினோ அமிலம். முற்றிய இலையின் உலர்ந்த எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு அதுவே. நீரிலே பத்து இலட்சத்துக்கு 20 பங்கு மிமோசின் இருந்தால் நெல்லும் சலாதும் முளைவேர் குன்றும். அவர்கள் சோதித்த காட்டு மரங்கள் 50 பங்கிலே தளரும். இப்பில் இப்பில் கன்றோ 200 பங்கிலும் சுகமாய் நின்றது. நெல்லை நம்பி வாழும் நாம் அந்த 20 என்னும் எண்ணைக் கவனிக்க வேண்டும்.

மிமோசின் செய்யும் காரியம் யாதெனில், கலம் ஒன்று இரண்டாகப் பிரிய ஆயத்தமாகும் தறுவாயிலே அதைத் தடுத்து நிறுத்துவது. வேர் நீள்வது வேர்நுனியிலுள்ள கலங்கள் ஓயாது பிரிவதனாலன்றோ? பிரிவு நின்றால் வேர் நிற்கும். வேர் நின்ற முளைக்கு மண்ணின் மேற்பரப்பிலுள்ள ஈரமே கதி. இரண்டு நாள் வெயில் எறித்தால் அதன் கதை முடிந்தது. பார்ப்பவன் தண்ணீர் போதாமல் செத்தது என்பான். அது பொய்யன்று, தண்ணீரைத் தேடிக் கீழே போகவேண்டிய வேரை முன்னரே ஒன்று கட்டிப்போட்டிருந்தது என்பதுதான் அவன் காணாதது.

சௌ, குவோ இருவருடைய அதே கட்டுரையிலே நம் நாட்டுக்கென்றே எழுதியது போன்ற ஒரு குறிப்பு உண்டு. வறட்சியாலும் பலத்த காற்றாலும் சருகு மிகுதியாய்க் குவிந்த இடங்களிலேதான் அந்த வெறுமை துலக்கமாய்த் தெரிந்தது என்கிறார்கள். நம் வன்னிப் பிரதேசத்தின் ஆண்டை எண்ணிப் பாருங்கள். சித்திரைச் சிறுமழை ஓய்ந்தபின் சோளகம் எழுந்து மாதக்கணக்காய் வீசுகிறது, குளங்கள் வற்றுகின்றன, இலை உதிர்ந்துகொண்டே இருக்கிறது, உக்குவதற்கு ஈரம் இல்லை, சருகு அப்படியே சேமிக்கப்படுகிறது. பின்னர் ஐப்பசியிலே வாடையோடு வரும் முதல் மழை, அந்தச் சேமிப்பு முழுவதையும் ஒரே தடவையில் கழுவி மண்ணுக்குள் இறக்குகிறது. காட்டு விதைகள் அத்தனையும் விழித்தெழுவதும், காலபோகத்துக்கு நாம் நெல் விதைப்பதும், மேட்டுநிலத்தில் பயறும் உழுந்தும் கச்சானும் போடுவதும் ஏறத்தாழ அதே நாள்களிலேதான். ஆண்டு முழுவதும் மழை பெய்யும் தேசத்தில் சிறிது சிறிதாய்க் கரைந்து கெட்டுப்போகக்கூடிய ஒன்று, இங்கே முளையின் பிறந்தநாளுக்கென்று காத்திருந்து வருகிறது. இது என் அநுமானம். ஆயினும் காரணமற்ற அநுமானமன்று.

இவ்வளவையும் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்க் கத்தியை எடுத்துவிடாதீர்கள். இந்தச் சாஸ்திரத்திற்குள் ஒரு தலைக்குனிவான கதை உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாய்ப் பேசியவனாகேன். கலிபோர்ணியாவின் குன்றுப்பகுதிகளில் வாசனையுள்ள ஒருவகைப் புதர்ச்செடியைச் சுற்றி ஒன்றிரண்டு மீற்றர் அகலத்துக்குப் புல்லில்லாத வட்டம் இருக்கும். ஆகாயத்திலிருந்து எடுத்த படத்தில்கூட அது துலங்கும். கோர்னேலியஸ் மல்லர் என்னும் பேராசிரியர் 1960களில், அச்செடி விடும் கர்ப்பூரம் போன்ற ஆவிகளே புல்லை முளையாமற் செய்கின்றன என்று எழுத, உலகமெங்கும் பாடப்புத்தகங்களில் அந்தப் படம் ஏறிற்று. 1970 ஆம் ஆண்டில் பார்தொலொமியூ என்பவர் என்ன செய்தார் தெரியுமா? அந்த வெறும் வட்டத்திலே கம்பிவலைக் கூடுகளைக் கவிழ்த்து வைத்தார். கூட்டுக்குள்ளே புல் வளர்ந்தது! புதருக்குள் பதுங்கியிருந்த எலிகளும் முயல்களும், பருந்துக்குப் பயந்து அதிக தூரம் போகாமல், கைக்கெட்டிய வட்டத்தை மட்டும் மேய்ந்து வந்திருக்கின்றன. ஆவிக்குச் சிறிதும் பங்கில்லை என்று இதனால் ஆகிவிடாது. ஆனால் அந்த வட்டத்தை வரைந்ததில் பெரும்பங்கு பல்லுடையது.

கட்டாக்காலி மாடுகள் தெருவெல்லாம் உலவும் நம் மாவட்டங்களில் இந்தக் கதையை எத்தனை முறை சொன்னாலும் தகும். உங்கள் கன்று முளையாததற்கு மரத்தின் நஞ்சைக் குற்றஞ்சொல்லுமுன், இரவில் யாருடைய ஆடு வந்துபோனது என்று விசாரியுங்கள். இன்னொன்றும் உண்டு. ஆய்வுகூடத்தில் இலையை அரைத்துப் பிழிந்த சாறு விதையைக் கொல்கிறது என்பதனால், காட்டிலும் அது அப்படியே நடக்கிறது என்று சொல்லிவிட முடியாது. வேப்பங்குழையை அரைத்து ஊற்றினாலும் பல விதைகள் சோரும். மண்ணிலே களிமண் சில பொருள்களைப் பிடித்துக்கொள்கிறது; நுண்ணுயிர்கள் பலவற்றைத் தின்று தீர்க்கின்றன. இரசாயனம் மரத்திலே பிறக்கிறது, தீர்ப்பை மண்ணே எழுதுகிறது.

மண்ணே தீர்ப்பெழுதுகிறது என்றேன். அதற்குச் சாட்சியாக, இந்த நிலத்தின் பெயரோடு சம்பந்தப்பட்ட ஒரு மரத்தை அழைக்கிறேன். வன்னி என்னும் பெயர் எப்படி வந்தது என்பதில் அபிப்பிராய பேதம் உண்டு. வன்னி என்பது நெருப்பு என்பார், வன்னியர் ஆண்டதனால் என்பார், வன்னி மரத்தினால் என்பார். எதுவாயினும், விஜயதசமியன்று கோயில்களிலே வன்னி வாழை வெட்டு என்று நாம் கொண்டாடும் விழாவில் வாழையோடு சேர்த்து வைக்கப்படும் வன்னியை நீங்கள் அறிவீர்கள். இராசத்தானத்துப் பாலைவனத்தார் அதைக் கேஜ்ரி என்று போற்றுவர். அதன் அடியில் கம்பு செழித்து வளரும் என்பது அவர்களுடைய நெடுங்கால அநுபவம். அந்த வன்னிக்குத் தாவரக் குடும்பமுறையில் நேர் ஒன்றுவிட்ட சகோதரன் யார் தெரியுமா? தமிழகத்தில் சீமைக்கருவேல் என்றும் வேலிகாத்தான் என்றும் ஏசப்படும் மரம். 1870களின் பிற்பகுதியில் யமேய்க்காவிலிருந்து விதை வருவித்து அன்றைய சென்னை மாகாணத்துக் கடப்பைப் பக்கத்தில் விறகுக்காக நட்டார்கள்; பின்னர் அது இராமநாதபுரத்தை மூடிற்று; மதுரையிலுள்ள உயர்நீதிமன்றக் கிளை அதை வெட்டியகற்ற உத்தரவிடும் அளவுக்கு வழக்காயிற்று. நம் தீவிலே 1950களில் அம்பாந்தோட்டைப் பக்கத்து உப்புநிலத்தைத் திருத்தவென்று கொண்டுவரப்பட்டது, இன்று பூந்தல தேசிய பூங்காவை நெருக்குகிறது. நமக்கு அயலாகிய மன்னாரிலும் காலூன்றியிருக்கிறது.

டில்லி சர்வகலாசாலையின் இந்தர்ஜித், அமெரிக்காவின் ரேகன் கலவே முதலியோர் 2012 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று இவ்விரு சகோதரர்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. இந்தியாவில் சீமைக்கருவேலின் கீழ்ச் செடியினங்கள் குறைந்திருந்தன. வன்னியின் கீழ் அக்குறைவு அவ்வளவாய் இல்லை. அந்தமட்டில் இது எதிர்பார்க்கக்கூடியதே. வியப்பு இனித்தான் வருகிறது: அதே சீமைக்கருவேலை அதன் தாயகமாகிய வெனிசுவேலாவில் போய்ப் பார்த்தபோது, அங்கே அதன் நிழல் பிற செடிகளுக்குத் தொட்டிலாய் இருந்தது! வந்த ஊரில் கன்றைக் கொல்லும் மரம் தன் ஊரில் கன்றை வளர்க்கிறது. மரம் மாறவில்லை, அயல் மாறிற்று. நெடுங்காலம் ஒன்றாய் வாழ்ந்த செடிகளும் நுண்ணுயிர்களும் ஒன்றன் இரசாயனத்துக்கு மற்றொன்று பழகிப்போகின்றன. புதிதாய் வந்ததன் பாஷை புரியாத மண்ணில் அதே சொல் நஞ்சாகிறது. புதிய ஆயுதக் கொள்கை என்று கலவேயும் அவர் கூட்டாளிகளும் இதற்குப் பெயரிட்டார்கள். போர்க்களப் பெயர், எனக்கு அவ்வளவாய்ப் பிடிக்கவில்லை. மோலிஷ் வைத்த சொல்லில் நன்மையும் அடங்கியிருந்தது என்றேனே, அதுவே பொருத்தமென்று தோன்றுகிறது.

இப்பில் இப்பிலும் இப்படித்தான். மெக்சிக்கோவிலே ஒவஹாக்கா என்று ஒரு மாநிலம் இருக்கிறது. அப்பெயரே அந்த மரத்தினால் வந்தது, வன்னி மரத்தினால் வன்னி வந்தது என்பாருடைய கட்சியைப் போல. அங்கே அதன் காயை மனிதர் உண்கிறார்கள். மிமோசின் மிகுந்த குழையைத் தொடர்ந்து தின்றால் மாடு மெலியும், குதிரைக்கு வாலிலும் பிடரியிலும் மயிர் உதிரும், ஆனால் ஹவாயிலுள்ள ஆடுகள் சேதமின்றித் தின்பதைக் கண்ட அவுஸ்திரேலிய விஞ்ஞானி ரேமண்ட் ஜோன்ஸ், அவற்றின் இரைப்பையில் அந்நஞ்சை முறிக்கும் நுண்ணுயிர் இருப்பதைக் கண்டறிந்து அதைத் தம் நாட்டு மாடுகளுக்குக் கொடுத்தார், மாடுகள் தேறின. இரைப்பையில் நடக்கும் காரியம் மண்ணில் நடவாது என்று யார் சொல்லமுடியும்?

மரமல்லாத ஒன்றையும் வவுனியாவில் பேசுவோர் விட்டுவிட முடியாது. பாத்தீனியம் இலங்கையில் முதன்முதல் பதிவானது 1999 ஆம் ஆண்டில் வவுனியாவிலேதான். இந்திய அமைதிப்படைக்கு உணவாய்க் கொண்டுவரப்பட்ட ஆடுகளோடு அதன் விதை வந்தது என்பது பொதுவான நம்பிக்கை. அதன் பாத்தெனின் என்னும் கசப்புப் பொருளும் அயற்பயிரின் முளையைக் குன்றச் செய்வதே. அது கைக்கும் தோலுக்கும் செய்யும் தொல்லையினால் மக்கள் அதை வெறுத்துப் பிடுங்குகிறார்கள். இப்பில் இப்பில் யாரையும் சொறியவைப்பதில்லை, ஆகையால் தப்பிக்கொள்கிறது.

நம்முடைய காடு பாலையும் வீரையும் முதிரையும் கருங்காலியும் விண்ணாங்கும் நின்ற காடு. அந்த மரங்கள் மெல்ல வளர்பவை. பாலையோ மனிதன் ஆயுளில் பாதி கழிந்தும் பெரிதாய்த் தென்படாது. பற்றையான காணிகளை மீண்டும் காடாக்க விரும்புவோர், இப்பில் இப்பிலை வெட்டிய கையோடு அதே குழிகளில் முதிரையை வைத்து, அது போகாதபோது கன்று சரியில்லை என்று சலித்துக்கொள்வதை நான் கண்டிருக்கிறேன். மரம் போனாலும் சருகு போகவில்லை. அடிக்கட்டையும் சும்மா இருப்பதில்லை, துளிர்க்கிறது. சருகை வாரி ஒதுக்கி, கட்டையைத் துளிர்க்கவிடாது அடக்கி, ஒரு மாரி முழுவதும் மண்ணைக் கழுவவிட்டு, அடுத்த மாரிக்குக் கன்று வைத்தால் என்ன? ஓராண்டு தாமதம். பாலையின் கணக்கில் அது ஒரு மூச்சு.

இதற்கு ஆய்வுகூடம் வேண்டியதில்லை, சிரட்டை போதும். மரத்தின் அடியில் மேல்மண்ணைச் சருகோடு சேர்த்து எடுத்துப் பத்துச் சிரட்டைகளில் இடுங்கள். பத்தடிக்கு அப்பால், அதே நிறமும் அதே பதமுமுள்ள மண்ணை இன்னும் பத்தில் இடுங்கள். மூன்றாவது பத்தில், மரத்தடி மண்ணோடு நன்றாய்ப் பொடித்த சிரட்டைக் கரியைக் கலந்து இடுங்கள். கரி இத்தகைய பொருள்களைத் தன்மேல் இழுத்துப் பிடித்துக்கொள்ளும் இயல்புடையது. கரியே மண்ணின் சத்தையும் சிறிது மாற்றும் ஆதலால், நல்ல மண்ணோடு கரி கலந்த நாலாவது பத்தையும் வைத்துக்கொள்வது உத்தமம். எல்லாவற்றையும் ஒரே வெளிச்சத்தில், ஆடு எட்டாத இடத்தில் வைத்து, ஒரே பையிலிருந்து எடுத்த பயற்றை ஊன்றி, ஒரே அளவு நீர் விட்டு, பத்தாம் நாள் பிடுங்கி வேரை அளவுங்கள். தண்டைப் பார்த்து ஏமாறாதீர்கள், வேரை அளவுங்கள். மரத்தடி மண்ணில் வேர் குறுகி, கரி கலந்ததில் நீண்டிருந்தால் நஞ்சின்மேல் சந்தேகம் வலுக்கும். இரண்டிலும் நன்றாயிருந்தால் உங்கள் காணியில் குற்றவாளி நிழலாகவோ மாடாகவோ இருக்கலாம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் செய்யத்தக்க பரீட்சை இது. அறிவியல் நகரில் விவசாயம் படிக்கும் மாணாக்கர் இதைவிடத் திறம்படச் செய்வார்கள்.

காலத்தை மட்டும் தவறவிடாதீர்கள். முதல் மழைக்கு நீங்கள் முந்திக்கொண்டு, உங்கள் கைச்செம்பிலிருந்தே அந்த முதல் மழையைப் பெய்விக்க வேண்டும். வாடை திரும்பி இரண்டு மூன்று மழை கழுவிய பிறகு எடுத்த மண் இந்தக் கேள்விக்கு வேறு விடை சொல்லும். ஆகையால் புரட்டாதி முடிவதற்குள் மண்ணை எடுத்து உலர்ந்த இடத்தில் வைத்துவிடுங்கள்.